மனத்தடையும் சுற்று நேரமும்

அன்புள்ள சார்,

உங்கள் எழுத்தை நீண்ட காலமாக வாசிக்கிறேன். கடிதம் எழுதுவது இதுதான் முதல் முறை. அச்சிட்ட அட்டைப்பெட்டிகள் செய்து தரும் சிறு நிறுவனம் ஒன்றை ஒன்பது ஆண்டுகளாக நடத்துகிறேன். பதினான்கு பேர் வேலை செய்கிறார்கள். ஒரு மாதம்கூடச் சம்பளம் தள்ளிப்போனதில்லை. வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு நான் ஜெயித்தவள். உள்ளே தினமும் பயம்தான்.

ஐந்து ஆண்டுகளாக விலையை ஏற்றவில்லை. ஏற்றினால் எல்லோரும் போய்விடுவார்கள் என்று தோன்றுகிறது. கொட்டேஷன் எழுதும்போதே கை தானாகக் குறைத்து எழுதுகிறது. எந்தப் பெட்டியும் என் கண்ணில் படாமல் வெளியே போகக் கூடாது, நான் பார்க்காவிட்டால் தவறு வந்துவிடும் என்ற எண்ணம் வேறு. எல்லாம் தாழ்வு மனப்பான்மைதான். நான் முறையாக வணிகம் படித்தவளும் இல்லை. என்றாவது ஒருநாள் யாராவது வந்து இவளுக்கு ஒன்றும் தெரியாது என்று கண்டுபிடித்துவிடுவார்கள் என்றே இருக்கிறது.

அண்மையில் ஒரு பயிலரங்குக்குப் போனேன். என் பிரச்சினை மனத்தடைதான் என்றார்கள். ரோஜர் பேனிஸ்டர் என்ற பிரிட்டிஷ் ஓட்டக்காரரின் கதையைச் சொன்னார்கள். ஒரு மைலை நான்கு நிமிடத்துக்குள் ஓட மனிதனால் முடியாது என்று உலகமே நம்பியதாம். அவர் ஓடிக் காட்டியதும் அடுத்த ஓராண்டிலேயே நூற்றுக்கணக்கானவர்கள் ஓடிவிட்டார்களாம். தடை காலில் இல்லை, மனதில் என்றார்கள். தினமும் காலையில் கண்ணாடி முன் நின்று சொல்ல "நான் பெரிய வெற்றிக்குத் தகுதியானவள்" என்று ஒரு வாசகமும் கொடுத்தார்கள். இரண்டு மாதம் சொன்னேன். ஒன்றும் மாறவில்லை, கூச்சம்தான் கூடியது. சிறுவயதில் பணத்தைப் பற்றி வீட்டில் கேட்ட பேச்சுகளே காரணம் என்றும் சொன்னார்கள்.

இப்போது வழக்கத்தைவிட நான்கு மடங்கு பெரிய ஆர்டர் ஒன்று வந்திருக்கிறது. எடுக்கவா, விடவா? இந்த மனத்தடையை எப்படித் தாண்டுவது? ஏதாவது புத்தகம் சொல்லுங்கள். எழுத்தில் நீங்கள் இதை எப்படிக் கடந்தீர்கள் என்றும் தெரிந்துகொள்ள ஆசை.

(பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்)

*

அன்புள்ள நண்பருக்கு,

தொழில் ஆலோசனை கேட்டு வரும் கடிதங்களுக்கு நான் பொதுவாகப் பதில் போடுவதில்லை. நீங்கள் பேனிஸ்டரை இழுத்துவிட்டீர்கள். அந்த மனிதரை இந்தப் பயிலரங்குக்காரர்கள் படுத்தும் பாட்டைப் பற்றி எழுத வேண்டும் என்று கொஞ்ச நாளாகவே நினைத்துக்கொண்டிருந்தேன். இன்னொன்று, கொட்டேஷன் எழுதும்போது கை தானாகக் குறைக்கிறது என்ற உங்கள் வரி. அப்படி ஒரு கையை நான் பக்கத்து மேஜையிலிருந்து பார்த்திருக்கிறேன். அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் சில்லறை விஷயங்கள். புத்தகம் எதுவும் சொல்லப்போவதில்லை. இந்த வகையில் நீங்கள் ஏற்கெனவே தேவைக்கு மேல் வாசித்திருக்கிறீர்கள் என்பது கடிதத்திலேயே தெரிகிறது. எழுத்தில் நான் எதையும் கடக்கவில்லை, அது வேறு பேச்சு. வீட்டில் கேட்ட பேச்சுகள் காரணமாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். காரணம் தெரிந்துவிட்டால் நாளைக்கு எழுதும் கொட்டேஷனில் எண் மாறுமா? மாறாது என்றால் இப்போதைக்கு விடுங்கள். முறையாகப் படிக்காதது பற்றி எழுதியிருந்தீர்கள். பதினான்கு பேருக்கு ஒன்பது ஆண்டு நாள் தவறாமல் சம்பளம் கொடுத்தவர் அந்த வரியை எழுதியதற்காக நான் கோபப்பட வேண்டும். நேரமில்லை.

யாராவது கண்டுபிடித்துவிடுவார்கள் என்ற பயம் உங்களுக்கு மட்டும் உரியது இல்லை. பாலின் கிளான்ஸ், சுசான் ஐம்ஸ் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1978-லேயே இதற்குப் பெயர் வைத்து ஆய்வுக் கட்டுரை எழுதிவிட்டார்கள். தங்கள் துறையில் சாதித்த நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட பெண்களிடம் பேசி எழுதியது. பட்டம், பதவி, பாராட்டு எல்லாம் இருந்தும் அவர்கள் தங்களைப் போலி என்றே நினைத்துக்கொண்டிருந்தார்கள். எனவே, சாதித்தால் இந்தப் பயம் போய்விடும் என்று காத்திருக்க வேண்டாம். அது பாட்டுக்கு இருக்கட்டும்.

கண்ணாடி வாசகத்தை இன்றே நிறுத்துங்கள். கூச்சம் கூடியது உங்கள் குறை இல்லை. 2009-இல் ஜோஆன் வுட் என்ற உளவியலாளரும் அவருடைய சகாக்களும் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். தன்னைப் பற்றிய மதிப்பு ஏற்கெனவே குறைவாக உள்ளவர்கள் இப்படித் தங்களைப் புகழும் வாசகத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னபோது, சொல்லாதவர்களைவிட மோசமாக உணர்ந்தார்கள். யாருக்கு மருந்து தேவையோ அவர்களுக்குத்தான் ஒத்துக்கொள்ளவில்லை. வாய் ஒன்றைச் சொல்லும்போது மனம் உள்ளே உட்கார்ந்து மறுப்பு எழுதிக்கொண்டிருக்கிறது, வேறென்ன?

இனி பேனிஸ்டர்.

முடியாது என்று உலகமே நம்பியதாம். யார் நம்பியது? 1923-இல் ஃபின்லாந்தின் பாவோ நூர்மி ஒரு மைலை 4 நிமிடம் 10.4 விநாடியில் ஓடினார். 1934-இல் அமெரிக்காவின் கிளென் கன்னிங்ஹாம் அதை 4 நிமிடம் 6.8 விநாடிக்குக் கொண்டுவந்தார். 1942 முதல் 1945 வரை ஐரோப்பா முழுக்கப் போரில் எரிந்துகொண்டிருக்க, போரில் சேராத ஸ்வீடனில் குண்டர் ஹேக், ஆர்னே ஆண்டர்சன் என்ற இருவர் மாறி மாறி ஒருவர் சாதனையை ஒருவர் உடைத்துக்கொண்டிருந்தார்கள். 1945 ஜூலையில் ஹேக் ஓடியது 4 நிமிடம் 1.4 விநாடி. இருபத்திரண்டு ஆண்டுகளில் ஒன்பது விநாடி குறைந்திருக்கிறது. மிச்சம் இருந்தது ஏறத்தாழ ஒன்றரை விநாடி. இந்தக் கணக்கைக் கையில் வைத்திருந்த எந்த ஓட்டக்காரராவது அந்த ஒன்றரை விநாடி மனித உடலின் எல்லைக்கு அப்பால் இருக்கிறது என்று நம்பியிருப்பாரா? பத்திரிகைகளில் யாராவது எழுதியிருப்பார்கள். மைதானத்தில் இருந்தவர்கள் எப்போது, யார் என்றுதான் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

பிறகு ஏன் ஒன்பது ஆண்டு ஆனது? ஓட வேண்டிய வயதில் ஒரு தலைமுறை இளைஞர்கள் சீருடையில் இருந்தார்கள், அல்லது மண்ணுக்குள் இருந்தார்கள். உடைக்கும் தூரத்தில் இருந்த ஹேக்கையும் ஆண்டர்சனையும் ஓட்டத்தைவிட்டே விலக்கிவிட்டார்கள். காரணம் தெரியுமா? ஓடுவதற்குப் பணம் வாங்கினார்களாம். அன்றைய விதிப்படி தடகள வீரர் காசு தொடக் கூடாது. தன் வேலைக்கு விலை கேட்டதற்காக வெளியேற்றப்பட்ட இரண்டு பேரை உங்கள் பயிலரங்கில் சொல்லியிருந்தால் உங்களுக்கு அதிகம் பயன்பட்டிருக்கும் என்று நினைக்கிறேன். அதை யாரும் சொல்ல மாட்டார்கள். அந்தக் கதையில் கைதட்ட இடமில்லை.

பேனிஸ்டர் என்ன செய்தார் என்று பாருங்கள். மருத்துவ மாணவர். ஓடும்போது உடல் ஆக்சிஜனை எப்படிச் செலவழிக்கிறது என்று ஆய்வுக்கூடத்தில் சோதித்தவர். 1952 ஹெல்சின்கி ஒலிம்பிக்கில் 1500 மீட்டரில் நான்காவதாக வந்தார். 1953 ஜூனில் ஒரு மைலை 4 நிமிடம் 2.0 விநாடியில் ஓடினார். நண்பர்கள் வேகம் அமைத்துக் கொடுத்த விதம் முறையான போட்டி ஆகாது என்று அதைப் பிரிட்டிஷ் சாதனையாக ஏற்க மறுத்தார்கள். 1954-இல் அவருடைய பயிற்சி இதுதான்: கால் மைல் வேகமாக ஓடுவது, கொஞ்சம் ஓய்வு, மறுபடி கால் மைல், இப்படிப் பத்து முறை. ஒவ்வொன்றும் அறுபது விநாடிக்குள் வர வேண்டும். அறுபத்தொன்றில் வந்து நின்றது, கீழே இறங்கவே இல்லை. கண்ணாடி முன் நிற்கவில்லை அவர். நண்பர் கிறிஸ் பிராஷருடன் ஸ்காட்லாந்துக்கு மலையேறப் போய்விட்டார். திரும்பி வந்து ஓடியபோது ஐம்பத்தொன்பது வந்தது. உடல் களைத்திருந்தது, ஓய்வு கிடைத்தது, அவ்வளவுதான். தடை காலிலும் இருக்கும்.

1954 மே 6, ஆக்ஸ்ஃபோர்டின் இஃப்லி சாலை மைதானம். ஒரு மைல் என்றால் நான்கு சுற்று. முதல் இரண்டரைச் சுற்று பிராஷர் முன்னால் ஓடி வேகம் காட்டினார். பிறகு இன்னொரு நண்பர் கிறிஸ் சாடவே முன்னால் வந்தார். கடைசி இருநூறு மீட்டருக்குக் கொஞ்சம் மேல் மட்டுமே பேனிஸ்டர் தனியாக ஓடினார். சுற்று நேரங்களைக் கேளுங்கள்: 57.5, 60.7, 62.3, 58.9. மூன்றாவது சுற்றில் தொய்ந்துவிட்டது. ஆனால் தொய்ந்துவிட்டது என்பது அவருக்குத் தெரியும். மூன்று சுற்று முடிந்தபோது 3 நிமிடம் 0.5 விநாடி, கடைசிச் சுற்றை 59.5-க்குள் முடிக்க வேண்டும். 58.9-இல் முடித்தார். மொத்தம் 3 நிமிடம் 59.4 விநாடி.

அடுத்த ஓராண்டில் நூற்றுக்கணக்கானவர்கள் என்பது சுத்தப் பொய். அடுத்த ஓராண்டில் ஓடியவர் ஒரே ஒருவர், ஆஸ்திரேலியாவின் ஜான் லாண்டி. பேனிஸ்டருக்கு 46 நாள் கழித்து, ஃபின்லாந்தின் துர்க்கு நகரில். இந்த 46 நாளை வைத்துத்தான் பார்த்தீர்களா, மனத்தடை உடைந்தது என்கிறார்கள். லாண்டி 1952 டிசம்பரிலேயே 4 நிமிடம் 2.1 விநாடி ஓடியவர். அதன் பிறகும் திரும்பத் திரும்ப 4 நிமிடம் 2 விநாடியை ஒட்டியே முடித்தவர். தன் நாட்டில் அவரைத் துரத்த ஆள் இல்லை, முன்னால் ஓடும் முதுகும் இல்லை. துர்க்குவில் அவரைத் துரத்தியது யார்? அதே கிறிஸ் சாடவே! இதை எந்தப் பயிலரங்கிலும் சொல்ல மாட்டார்கள். அதற்கு அடுத்து நான்கு நிமிடத்தை உடைத்தவர்கள் வந்தது 1955 மே மாதக் கடைசியில்தான். ஒரே போட்டியில் மூன்று பேர். அந்த மூவரில் ஒருவரும் சாடவேதான்.

நீண்டுவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள். நம்பிக்கைக்கு இதில் பங்கே இல்லை என்று நான் வாதாடவில்லை. அது எங்கிருந்து வந்தது என்பதுதான் என் கேள்வி. பத்துக் கால் மைல்களில் ஐம்பத்தொன்பதைப் பார்த்த பிறகு வந்தது. முன்னால் ஒரு முதுகு ஓடிக்கொண்டிருந்ததால் வந்தது. ஒவ்வொரு சுற்றிலும் நேரம் தெரிந்ததால் வந்தது. நம்பிக்கையை முதலில் வரவழைத்துவிட்டு அப்புறம் ஓடலாம் என்று அவர் காத்திருக்கவில்லை. உங்களை அப்படிக் காத்திருக்கச் சொல்கிறார்கள். இரண்டு மாதமாகக் காத்திருக்கிறீர்கள்.

ஆல்பர்ட் பாண்டுரா என்ற உளவியலாளர் 1977-இல் இதைத் தெளிவாகவே எழுதிவிட்டார். என்னால் இது முடியும் என்ற எண்ணம் ஒருவருக்கு நான்கு வழிகளில் வருகிறது என்றார்: தானே செய்து பார்த்த அனுபவம், தன்னைப் போன்ற இன்னொருவர் செய்வதைப் பார்ப்பது, பிறர் சொல்லும் ஊக்க வார்த்தை, அந்த நேரத்து உடல் பதற்றத்தை எப்படிப் புரிந்துகொள்கிறோம் என்பது. நான்கில் வலுவானது முதலாவது. வாய் வார்த்தையால் வருவது சீக்கிரம் கரைந்துவிடும். அவர் இதற்குப் பாம்பைக் கண்டால் உறைந்துபோகும் மனிதர்களை வைத்து ஆய்வு செய்தார். யாருக்கும் தைரிய உபதேசம் இல்லை. முதலில் இன்னொருவர் பாம்பைக் கையாள்வதைப் பார்க்க வைத்தார்கள். அப்புறம் கையுறையோடு தொடுவது, பிறகு வெறுங்கையால் தொடுவது. கை முதலில் போனது, மனம் பின்னால் வந்தது.

உங்கள் கொட்டேஷனில் கையுறை எது, அதைத்தான் நீங்கள் தேட வேண்டும். ஒன்பது ஆண்டு நடத்துகிறீர்கள், உங்களிடம் சுற்று நேரமே இல்லை என்பது எனக்கு ஆச்சரியமாக இருக்கிறது. கடிதத்தில் "எல்லோரும் போய்விடுவார்கள்" என்று எழுதினீர்கள். போன ஆண்டு எத்தனை கொட்டேஷன் அனுப்பினீர்கள்? எத்தனை ஆர்டராகாமல் போயின? அவற்றில் விலைக்காக எத்தனை, நாள் கணக்குக்காக எத்தனை, பதிலே வராமல் போனது எத்தனை? இந்த ஐந்து எண்களும் உங்களுக்குத் தெரியாது என்று நினைக்கிறேன். விலைக்காக யாருமே போகவில்லை என்றால், அதை நல்ல செய்தி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். நீங்கள் எல்லோரையும்விடக் கீழே நிற்கிறீர்கள் என்று பொருள்.

"எல்லோரும்" என்றால் எத்தனை பேர் என்று பார்ப்போம். 100-க்கு விற்கும் பெட்டியில் காகிதம், மை, அதற்கென்று தனியாகக் கொடுக்கும் கூலி எல்லாம் 60 என்று வைத்துக்கொள்ளுங்கள். மிச்சம் 40. அதில்தான் வாடகை, மாதச் சம்பளம், வட்டி, உங்கள் சாப்பாடு எல்லாம். விலையை 110 ஆக்கினால் மிச்சம் 50. முன்பு நூறு பெட்டியில் 4000 வந்தது. இப்போது எண்பது பெட்டியிலேயே அதே 4000 வந்துவிடுகிறது. ஐந்தில் ஒரு பங்கு வேலை போனாலும் நஷ்டம் இல்லை, வேலைப்பளு குறைவதுதான் மிச்சம். திருப்பிப் போட்டுப் பாருங்கள். உங்கள் கை தானாகப் பத்தைக் குறைத்து 90 என்று எழுதும்போது மிச்சம் 30. விலையில் பத்தில் ஒன்றுதான் போனது, உங்கள் பங்கில் நான்கில் ஒன்று போய்விட்டது. உங்கள் 60 வேறாக இருக்கலாம். அதை எழுதிப் பாருங்கள். எழுதிப் பார்க்காமல் பயப்படுவதை நான் மனத்தடை என்று ஒப்புக்கொள்ள மாட்டேன். சோம்பல் என்பேன்.

இப்போது அந்தக் கை.

எழுத வருவதற்கு முன் இயந்திர உதிரி பாகங்கள் செய்யும் பட்டறை ஒன்றில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். முதலாளி வேலை தெரிந்தவர். ஒரு பாகத்தைக் கையில் வாங்கிப் புரட்டிப் பார்த்தே எத்தனை மணி நேரம் கடைசல் இயந்திரத்தில் ஓட வேண்டும் என்று சொல்லிவிடுவார். கொட்டேஷனுக்கு முதலில் பென்சிலால் கணக்குப் போடுவார். அவ்வளவு சுத்தமான கணக்கை நான் பார்த்ததில்லை. கீழே கோடு போட்டுத் தொகை எழுதுவார். பிறகு பென்சிலை உதட்டில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அந்தத் தொகையையே பார்ப்பார். அப்புறம் அதை அடித்துவிட்டுப் பத்தில் ஒரு பங்கு குறைத்துப் பக்கத்தில் எழுதுவார். "எப்படியும் கேட்பாங்க" என்பார். வாடிக்கையாளர் வந்து கேட்கும்போது, கேட்கத்தான் செய்வார், இன்னும் கொஞ்சம் குறைப்பார். வராத ஆளோடு ஒரு பேரம், வந்த ஆளோடு ஒரு பேரம். இரண்டிலும் தோற்பவர் அவர்தான்.

ஒருமுறை அறுவை சிகிச்சைக்காக அவர் மருத்துவமனையில் படுத்திருந்தார். தட்டச்சு செய்யும் பெண் வேலைக்குப் புதியவள். மேஜையில் பென்சில் கணக்குகள் கிடந்தன, அடித்தெழுத அவர் இல்லை. கோட்டுக்குக் கீழே இருந்த தொகையையே அவள் தட்டச்சு செய்து அனுப்பிவிட்டாள். அந்தப் பத்து சதவீதம் எந்தக் காகிதத்திலும் இல்லை, அவர் தலைக்குள்தான் இருந்தது. அவளுக்கு எப்படித் தெரியும்? அப்படிப் போன மூன்று கொட்டேஷன்களில் ஒருவர் வேண்டாம் என்றுவிட்டார். ஒருவர் பேரம் பேசிக் கொஞ்சம் குறைத்துக்கொண்டு வந்தார். ஒருவர் என்றைக்குக் கிடைக்கும் என்று மட்டும் கேட்டுவிட்டு அட்வான்ஸ் அனுப்பினார்.

அவர் திரும்பி வந்த அன்று கோப்பை நான்தான் எடுத்துக்கொண்டு போனேன். மகிழ்வார் என்று நினைத்தேன். ஒவ்வொரு தாளாகப் பார்த்தார். "அவங்களுக்கு அவசரம், அதான் ஒத்துக்கிட்டாங்க" என்றார். அந்தப் பெண்ணைக் கூப்பிட்டுத் திட்டினார். மாலையில் பழைய பில் புத்தகங்களை எடுத்து வரச் சொன்னார். நான் வீட்டுக்குக் கிளம்பும்போது பக்கம் பக்கமாகப் புரட்டிக்கொண்டிருந்தார். அடுத்த கொட்டேஷனில் பென்சில் மறுபடி உதட்டுக்குப் போனது, தொகை மறுபடி அடிக்கப்பட்டது.

அப்போது அவர்மீது எனக்கு எரிச்சல்தான். பிறகு யோசிக்க யோசிக்கத்தான் அந்த மாலை புரிந்தது. முழு விலையைக் கேட்டால் கொடுப்பார்கள் என்று அவர் ஒப்புக்கொண்டால், அன்றோடு முடியாது. அத்தனை பில் புத்தகங்களிலும் பத்து சதவீதம் வீணாக விடப்பட்டது என்றும் ஒப்புக்கொள்ள வேண்டும். விற்க வேண்டியிருந்த நகைகள், பிள்ளையின் படிப்புக்கு வாங்கிய கடன், எல்லாம் அந்தப் பத்து சதவீதத்தில் வந்து நிற்கும். அவர்களுக்கு அவசரம் என்று சொல்லிவிட்டால் எதையும் திறக்க வேண்டாம். பயம் அவரைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது.

நண்பரே, உங்கள் கடிதத்தில் மற்றதெல்லாம் பயிலரங்கின் குரல். "ஐந்து ஆண்டுகளாக விலையை ஏற்றவில்லை" என்பது மட்டும் உங்கள் குரல். அதில் வருஷக் கணக்கு இருக்கிறது. பழைய பில்களை நீங்களும் புரட்டத் தொடங்கிவிட்டீர்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. வேண்டாம் அம்மா. கணக்கு எழுதியவன் என்ற உரிமையில் சொல்கிறேன், மூடிய ஆண்டின் ஏடு மூடியதுதான். அதைத் திறந்து யாரும் லாபம் பார்த்ததில்லை. நாளைக்கு நீங்கள் கேட்கும் விலை போன ஐந்து ஆண்டுகளின் மீது எந்தத் தீர்ப்பும் சொல்லாது. அந்தப் பயம் வரும்போது இதை மட்டும் நினைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்ததற்கு நீங்கள் வருத்தப்படுவீர்கள். எந்தப் பெட்டியும் என் கண்ணில் படாமல் போகக் கூடாது என்பதையும் தாழ்வு மனப்பான்மைக் கணக்கில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதில் கர்வம்தான் தெரிகிறது. பதினான்கு பேரில் ஒருவருக்குக்கூடக் கோணலாக ஒட்டிய மடிப்பைக் கண்டுபிடிக்கத் தெரியாது என்று நினைக்கிறீர்கள். என்னால் முடியாது என்ற பயத்துக்கும் என்னைத் தவிர யாராலும் முடியாது என்ற நினைப்புக்கும் உள்ள தூரத்தை யோசித்துப் பாருங்கள். இரண்டையும் ஒரே கடிதத்தில், ஒரே பத்தியில் எழுதியிருக்கிறீர்கள். இப்படிச் சொல்லிக்கொள்ள ஒரு மனத்தடை கிடைத்துவிட்டால், வேலையைப் பிறர் கையில் கொடுக்கும் சிரமத்திலிருந்து தப்பித்துக்கொள்ளலாம்.

உங்கள் தயக்கத்தை முழுக்கக் கழற்றி எறியச் சொல்கிறவர்களையும் நம்பாதீர்கள். 1988-இல் வெளியான ஓர் ஆய்வில் ஆர்னால்ட் கூப்பர் என்ற ஆய்வாளரும் அவருடைய சகாக்களும் புதிதாகத் தொழில் தொடங்கிய 2994 பேரிடம் நீங்கள் ஜெயிக்க எத்தனை வாய்ப்பு என்று கேட்டார்கள். பத்துக்கு ஏழு அல்லது அதற்கு மேல் என்றவர்கள் 81 சதவீதம். பத்துக்குப் பத்து, தோல்விக்கு இடமே இல்லை என்றவர்கள் 33 சதவீதம். தயாரிப்போடு வந்தவர்களும் தயாரிப்பே இல்லாமல் வந்தவர்களும் ஒரே அளவு நம்பிக்கையோடு இருந்தார்கள் என்பதுதான் அதில் முக்கியமான செய்தி. தொழில் உலகில் நம்பிக்கைக்குப் பஞ்சமே இல்லை. உங்கள் பயங்களில் ஒன்றிரண்டு உண்மையான தகவலாக இருக்கலாம்.

நான்கு மடங்கு ஆர்டரைப் பற்றிய பயம் அந்த வகை. அது மனத்தடையே இல்லை. காகிதத்தை முன்பணம் கொடுத்து வாங்க வேண்டும், கூலியை அந்தந்த வாரமே கொடுக்க வேண்டும், பில் தொகை மூன்று மாதம் கழித்து வரலாம். நடுவில் உள்ள பள்ளத்தை எந்தப் பணத்தால் நிரப்புவீர்கள்? கையில் ஆர்டர் நிறைந்திருக்க, ஏட்டில் லாபம் தெரிந்துகொண்டிருக்க, ரொக்கம் இல்லாமல் மூடிய நிறுவனங்கள் ஏராளம். எடித் பென்ரோஸ் என்ற பொருளியலாளர் 1959-இல் இன்னொரு பள்ளத்தையும் காட்டினார். ஒரு நிறுவனம் எவ்வளவு வேகமாக வளரலாம் என்பதை நிர்வகிப்பவர்களின் நேரமும் கவனமுமே முடிவு செய்கின்றன என்றார். புது ஆளை வேலைக்கு வைத்தாலும், அவரைப் பழக்கும் நேரம் பழைய ஆளின் நேரத்திலிருந்துதான் போக வேண்டும். ஒவ்வொரு பெட்டியையும் தானே பார்க்கும் ஒருவர் நான்கு மடங்கு ஆர்டரை எடுத்தால் எத்தனை மணிக்குத் தூங்குவார்?

எடுப்பதா விடுவதா என்று என்னைக் கேட்காதீர்கள், அந்த நிறுவனத்தைக் கேளுங்கள். நான்கு தவணையாகப் பிரித்துத் தர முடியுமா, காகிதச் செலவுக்கு அட்வான்ஸ் கொடுப்பார்களா, முதல் தவணைக்குப் பணம் வந்த பிறகு இரண்டாவது என்று வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டு எழுதுங்கள். விலை கோட்டுக்குக் கீழே வரும் தொகையாகவே இருக்கட்டும். உங்களைவிடக் கொஞ்சம் பெரிய அளவில், போட்டியில்லாத வேறொரு பொருளைச் செய்யும் முதலாளி யாரையாவது தெரிந்திருந்தால், முதல் பெரிய ஆர்டரை அவர் எப்படிச் சமாளித்தார் என்று போய்க் கேளுங்கள். முன்னால் ஓடும் முதுகு அதுதான். அனுப்பும் கொட்டேஷனை நீங்கள் தட்டச்சு செய்ய வேண்டாம். தொகையைப் பென்சிலால் எழுதி மேஜையில் வைத்துவிட்டு எழுந்து போய்விடுங்கள், வேறு யாராவது அடித்து அனுப்பட்டும். முதல் தவணைப் பெட்டிகளைச் சரிபார்க்கும் வேலையை அந்தப் பதினான்கு பேரில் ஒருவருக்குக் கொடுங்கள். யாருக்கு என்று இதை வாசிக்கும்போதே உங்களுக்குத் தோன்றியிருக்கும்.

மறுத்துவிட்டார்கள் என்றால் அதையும் தேதி போட்டு, காரணத்தோடு குறித்துவையுங்கள். உங்களிடம் இருக்கும் முதல் சுற்று நேரம் அதுவாக இருக்கும்.

அனுப்பிய பிறகு எழுதுங்கள். அதற்கு முன் எழுதினால் பதில் போட மாட்டேன்.

அன்புடன்.